தண்ணியில்லாத ஆறும் நாங்களும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் 1973–76 அணி சார்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, குடும்பத்தோடும் நண்பர்களோடும் ஊர் சுற்றிய அனுபவங்கள். "இருபது நிமிஷம், கொஞ்சம் சிரிக்கச் சிரிக்கப் பேசுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். நான் ஆம்பூர்க்காரன். பின்கட்டில் பிரியாணி தம் போட்டிருக்கிறார்கள். அந்த வாசனை வந்த பிறகு ஆம்பூர்க்காரனால் இருபது நிமிஷம் பேச முடியாது. ஆகவே பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு பாக்கி இருக்கிறது. போன ஒன்றுகூடலில், சாப்பாட்டுப் பந்தியில், வேதியியல் படிக்கும் ஒரு மாணவி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வழக்கம்போல் பாலாற்று மணலில் புரண்ட கதையை அளந்துகொண்டிருந்தோம். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயா, அந்த ஆறு கெட்டுப்போகும்போது நீங்கள்ளாம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. தால்ச்சாவை நகர்த்தி வைத்து, "அது பெரிய கதைம்மா" என்று மழுப்பிவிட்டேன். இன்றைக்கு அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

வேலூரைப் பற்றி ஒரு கேலி உண்டு, பழைய மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு. இன்னொன்றும் உண்டு, சகோதரிகள் இருப்பதால் அதைச் சொல்லாமல் விடுகிறேன். (சிரிப்பு) இதில் சாமி 1981-இல் வந்துவிட்டார். சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் மறுபடி வைத்துவிட்டார்கள். ராஜா இனிமேல் வந்தாலும் வோட்டுப் போட மாட்டோம். மரத்துக்கு வருஷா வருஷம் குழி வெட்டுகிறோம். மிச்சம் ஆறு.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33 கிலோமீட்டர், நம்மிடத்தில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலில் விழுகிறது. "ஓடி" என்பது மரியாதைக்குச் சொல்வது. எங்கள் சின்ன வயதிலேயே அது வருஷத்தில் சில நாள்தான் ஓடும். மீதி நாளெல்லாம் மணல். வெள்ளை வெளேரென்று, ஒரு கரையில் நின்று மறு கரை ஆளைக் கூப்பிட்டால் காதில் விழாத அகலத்துக்கு மணல். ஆனால் தண்ணியில்லாத ஆறு என்று சொன்னவன் வெளியூர்க்காரன். தண்ணீர் மணலுக்கு அடியில் இருந்தது. அது எங்கள் ரகசியம்.

ஊற்று தோண்டத் தெரியாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலை வாரிப் பின்னால் தள்ள வேண்டும். மேல் மணல் சுடும். ஒரு முழம் போனால் ஈரம் தட்டும், மணலின் நிறம் மாறும். இன்னும் ஒரு முழம் போனால் பக்கவாட்டில் இருந்து சுரக்க ஆரம்பிக்கும். முதலில் வருவது கலங்கல். அதைக் கொட்டாங்கச்சியால் இரண்டு தடவை இறைத்துக் கொட்டிவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தால், மூன்றாம் தடவை ஊறுவது கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில் கிடக்கும் ஒவ்வொரு மணலையும் எண்ணலாம். அம்மா குடத்தை வைத்துக்கொண்டு, கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாக மொண்டு நிரப்புவாள். ஒரு குடத்துக்கு அரை மணி ஆகும். அந்த அரை மணியில்தான் தெருவின் சகல விவகாரமும் தீர்க்கப்படும். நாங்கள் வேனிலில் அங்கேயே பயிர் வைத்திருப்பவரின் வெள்ளரிப் பிஞ்சைத் திருடிக்கொண்டு ஓடுவோம்.

காணும் பொங்கல் என்றால் ஊரே ஆற்றில். புளிச்சோறு, கருவாட்டுக் குழம்பு, முந்தாநாள் கரும்பின் மிச்சம். எங்கள் ஆயா மணலில் கால் நீட்டி உட்கார்ந்து 1903-இல் வந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும். அந்த நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து, வாணியம்பாடியை ஆறு அடித்துக்கொண்டு போனது. ஆயாவுக்கு அப்போது எட்டு வயசாம். "தொட்டிலு போச்சிடா, தொட்டிலோட கொயந்த போச்சி" என்று சொல்லிவிட்டு, உடனே "அந்த மாங்கா ஊறுகாவ இப்பிடித் தள்ளு" என்று கேட்கும். பொட்டல் மணலைக் காட்டி இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்கிறதே என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

என் தகப்பனாரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்தார். டேனரி என்று நீங்கள் சொல்வதை எங்கள் ஜனங்கள் ஷாப்பு என்பார்கள். அவருக்கு ஊறல் தொட்டியிலும் சுண்ணாம்புத் தொட்டியிலும் வேலை. மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் மண்டிக்கு வரும். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பையும் ரத்தத்தையும் கழுவி எடுப்பது. அடுத்தது சுண்ணாம்புத் தொட்டி. முடி உதிரும், தோல் உப்பும். பிறகு கொழுப்பும் ஜவ்வும் சுரண்டி எடுத்து, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் போட்டுப் பதனிடுவார்கள். ஆவாரம்பட்டை போட்ட சென்னை மாகாணத்துத் தோலுக்கு லண்டனில் தனிப் பெயரே இருந்தது. 1970-களில் அரையும் குறையுமாகப் பதனிட்ட தோலை அனுப்பாதே, முழுசாகச் சரக்காக்கி அனுப்பு என்று அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1973-இல் வந்த சீதாராமையா குழுவின் சிபாரிசு அது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி, ஊருக்கு வேலை, எல்லாம் சரி. ஆனால் பட்டை போய் குரோமியம் பெரிய அளவில் வந்தது. வாரக்கணக்கான வேலை ஒரு நாள் வேலையாயிற்று. தோல் கூடக் கூடத் தண்ணீரும் கூடிற்று, தண்ணீர் கூடக் கூடக் கழிவும் கூடிற்று.

அந்த வாசனை இருக்கிறதே, அது சோப்புக்குப் போகாது. நைனாவின் உள்ளங்கை சுண்ணாம்பில் வெந்து வெடித்திருக்கும். அந்தக் கையால் எண்ணிக் கொடுத்த நோட்டிலும் வாசனை இருக்கும். அவருடைய சம்பளத்தில்தான் நான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. மூன்றாம் வருஷம் பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றபோது, ஷாப்பு முதலாளி சாயபு முன்பணமாகக் கொடுத்து, "பையன் பாஸ் ஆனா போதும், மெதுவா பிடிச்சிக்கலாம்" என்றார். அதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கதை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு சீசன் டிக்கெட். பச்சகுப்பம், மேல்பட்டி, குடியாத்தம், லத்தேரி என்று வண்டி நின்று நின்று வரும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நம் கல்லூரிக்காரன் ஒருவன் ஏறுவான். நான் கிளம்பும்போது பாண்ட்ஸ் பவுடரைக் கழுத்து, அக்குள், சட்டைக் காலர் எல்லாம் கொட்டிக்கொண்டு வருவேன். அப்படியும் ஒரு நாள் ஒருத்தன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்றைக்கு வரவும் இல்லை. அப்போது குடியாத்தத்தில் ஏறிய ஒரு நெட்டையன், காலியான அந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்து, "அப்பாடா, தெனம் நீ இங்கியே ஒக்காருடா, எனக்கு சீட்டு கெடைக்கும்" என்றான். அவன்தான் மூன்றாம் வரிசையில் வலது ஓரத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். நாங்கள் அவனைத் தென்னை என்று கூப்பிடுவோம். உயரம் ஒரு காரணம். ஆற்றுக்கு அக்கரையில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு இருந்தது இன்னொரு காரணம்.

1974 டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நாலு பேர் ஏலகிரிக்குக் கிளம்பினோம். ரோடு அப்போதே இருந்தது. பஸ்ஸுக்குக் காசு இல்லாததால் அதற்கு வீரம் என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஜோலார்பேட்டையில் இறங்கி, அடிவாரத்துப் பொன்னேரிக்கு நடந்து, ஒற்றையடிப் பாதையைப் பிடித்தோம். இரண்டு டஜன் இட்லி, ஒரு பொட்டலம் வெல்லம், ஒரு டார்ச் லைட், ஒரே ஒரு தண்ணீர்க் கூஜா. கூஜாவைத் தூக்கும் முறை வந்தவன் பாதி வழியில் வழுக்கி விழுந்து அதையும் கவிழ்த்தான். அந்த மகானுபாவன் நான்தான்.

நடுப்பகலுக்கு மேல் பாதை தப்பிவிட்டது. உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்து கையெல்லாம் கீறல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தென்னை மட்டும், "டேய், ஆடு ஒண்ணு கத்துது, ஆடு இருந்தா ஆள் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனான். அது மாதிரியே ஒரு குடிசை. மலைவாசிகளான மலையாளி ஜனங்களுடையது. கேரளத்து மலையாளி இல்லை, மலையில் இருப்பதால் மலையாளி. ஒரு பாட்டி எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. பாறை இடுக்கில் ஊறிய சுனைத் தண்ணீர். நாலு பேரும் குடித்து முடித்த பிறகுதான், "யார் வூட்டுப் பசங்க?" என்று கேட்டது. ராத்திரி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். திண்ணையில் படுத்துக்கொண்டோம். குளிர் தாங்காமல் நாலு பேருக்கும் ஒரே ஜமுக்காளம்.

அப்போது எங்களில் பௌதிகம் படித்தவன், எதிரே இருட்டாகத் தெரிந்த ஜவ்வாது மலையைக் காட்டி, அங்கே காவலூரில் ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி இருக்கிறது என்று பாடம் நடத்தினான். நாங்கள் நம்பவில்லை. 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பதைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் இருந்தார்கள் என்று பேப்பரில் படித்தபோதுதான் அவனுக்கு ஒரு கார்டு எழுதி மன்னிப்புக் கேட்டேன். இதற்கும் நம் கதைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரு தடவையாவது காவலூர் போய்ப் பார்க்க வேண்டும் என்பதால் சொன்னேன்.

காலையில் பனி விலகியதும் வடக்குப் பக்கம் ஒரு பாறையில் ஏறி நின்றோம். வாணியம்பாடி தெரிந்தது, பாலாறு தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக அந்த மணலில் கிடந்திருக்கிறேன், ஆற்றை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தேன். உலர்த்திய வெள்ளை வேட்டி மாதிரி நீளமாகக் கிடந்தது. அதில் ஊர்ப் பக்கமிருந்து கறுப்பாக ஒரு கோடு வந்து இறங்கியிருந்தது. தென்னை, "அது இன்னாடா கறுப்பா?" என்றான். "நெழலா இருக்கும்" என்றேன். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்த சித்திரைப் பௌர்ணமிக்கு, அதாவது 1975-இல், பரீட்சை முடிந்ததும் மூன்று பேரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். மலைப் பாட்டி எங்களுக்குப் போட்ட சோற்றுக்குப் பதிலாக என் அம்மா இவர்களுக்கு ஆற்றில் நிலாச்சோறு போடுவதாக ஏற்பாடு. அம்மா, தங்கை, தம்பி, ஆயா, நைனா எல்லோரும் வந்தார்கள். தூக்குச் சட்டியில் எலுமிச்சம் சோறு, மசால் வடை, பெரிய ஈயச் சட்டியில் குழம்பு. நிலா மேலே வந்ததும் மணல் பால் கொட்டின மாதிரி ஆயிற்று. ஆயா 1903-ஐ ஆரம்பித்தது. நண்பர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள், அவர்களுக்குப் புதுக் கதை.

தண்ணீர் கொண்டு வர வேண்டாம் என்று நான்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஊற்று தோண்டிக் காட்டிப் பெருமையடிக்க வேண்டும் என்று ஆசை. ரெண்டு வருஷமாகக் காலேஜ், ரயில் என்று போய், நான் ஆற்றில் முட்டி போட்டு நாளாகிவிட்டது. அம்மாவும் தெருக்குழாய் வந்த பிறகு குடத்தோடு அந்தப் பக்கம் போவதை விட்டிருந்தாள். தோண்டினேன். முன்னே மாதிரி இரண்டு முழத்தில் வரவில்லை, இடுப்பளவு போக வேண்டியிருந்தது. கலங்கலை இறைத்தேன். மறுபடி இறைத்தேன். நிலா வெளிச்சத்தில் தெளிவாகத்தான் தெரிந்தது. முதல் கொட்டாங்கச்சியைத் தென்னையிடம் நீட்டி, "மலைத் தண்ணி இன்னா தண்ணி, இத்த குடிச்சிப் பாரு" என்றேன்.

வாயில் வைத்தான். துப்பிவிட்டான்.

துப்பினதற்கு அவனே வெட்கப்பட்டு, "மண்ணு வந்துச்சிடா" என்றான். நான் குடித்துப் பார்த்தேன். கரித்தது. கரிப்புக்கு அடியில் இன்னொரு வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும். சம்பள நோட்டின் வாடை. அம்மா ஒன்றும் பேசாமல் தங்கையைக் கரைமேல் இருந்த வீட்டுக்கு அனுப்பி ஒரு குடம் தண்ணீர் வாங்கி வரச் சொன்னாள். நைனா எழுந்து தூரமாகப் போய் பீடி பற்றவைத்தார்.

எல்லோரும் படுத்த பிறகு வாசலில் அவரிடம் கேட்டேன். "இன்னா நைனா, ஊத்துத் தண்ணி ஏன் இப்டி ஆயிடுச்சி?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நான் தொறந்து வுட்ற தண்ணிதான்டா அது. வேற எங்க போவும்?" என்றார். பிறகு, "சாயங்காலம் மடையத் தொறன்னா தொறக்கறேன். தொறக்க மாட்டேன்னு சொல்லச் சொல்றியா? சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. மூன்றாம் வருஷக் கட்டணம் ஜூனில் கட்ட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வேலை, கோயம்புத்தூர், கல்யாணம், குழந்தைகள். அதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுகிறேன், எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். லீவுக்கு ஊருக்கு வந்தால் பிள்ளைகளை அமிர்திக்கோ ஏலகிரிக்கோ கூட்டிக்கொண்டு போவேன். ஆற்றுக்கு மட்டும் கூட்டிப் போனதில்லை. ஏன் என்று அவர்களும் கேட்கவில்லை.

1990-களின் ஆரம்பத்தில் தென்னையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்கள் தோப்புக் கிணறு கரிக்கிறது, காய் சிறுத்துவிட்டது, நெல் பிடிக்கவில்லை, பக்கத்து ஊர்களிலும் இதே கதிதான், எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தான். "அன்னிக்கு ராத்திரி ஊத்து கதையை நீ ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புடா. அந்தத் தண்ணியைப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்று கேட்டிருந்தான். நான் எழுதவில்லை. அப்போது என் தம்பி தோல் ஷாப்பில் இருந்தான். நைனா பென்ஷன் இல்லாத மனுஷர், தம்பி வீட்டில் இருந்தார். நான் எழுதுகிற ஒரு பக்கம் தம்பியின் வேலைக்கு உலையாகுமோ என்று பயம். இல்லை, பயம் பாதிதான். மீதிப் பாதி, பவுடர் போட்டு மறைத்த விஷயத்தைக் கையெழுத்துப் போட்டு ஊருக்குச் சொல்வதா என்ற கூச்சம். கடிதத்தைப் பீரோவில் வைத்தேன். அவனும் அப்புறம் எழுதவில்லை. பல வருஷம் எழுதவில்லை.

நான் எழுதாததால் ஒன்றும் நின்றுவிடவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. எம்.சி.மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புக் கொடுத்தது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத டேனரிகளை மூடு என்றார்கள். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வருமுன் தடுக்க வேண்டும், இந்த இரண்டும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் சொன்னார்கள். சட்டம் படிக்கும் பிள்ளைகள் நாடு முழுக்க இந்த வழக்கை வேலூர் பெயரைச் சொல்லித்தான் படிக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்த சமயம் என் தம்பி வேலை செய்த ஷாப்பும் கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. வீட்டில் உலை வைக்கக் கஷ்டம். நான் மணியார்டர் அனுப்பினேன். போனில் தம்பி, "தீர்ப்பு சரிதாண்ணா. ஆனா கூலி போனது எனக்குத்தானே?" என்றான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு நஷ்டஈடு கணக்கிடத் தனி ஆணையம் வந்தது. கழிவு நீரைத் தெருத் தெருவாகக் குழாயில் சேர்த்துப் பொது நிலையத்தில் சுத்தம் செய்யும் முறை வந்தது. நடந்தது கொஞ்சம், நடக்காதது நிறைய. 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டையில் பொது நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் சேற்றில் இறந்தார்கள். சுத்தம் செய்கிற இடத்தில் செத்தது யார் என்று பாருங்கள். நைனாவின் ஆட்கள்தான். ஆற்றைக் கெடுத்தது தோல் மட்டுமா என்றால், இல்லை. மணல் லாரி அள்ளியது கொஞ்சமா? மேலே கட்டிய அணைகள் வேறு. ஆனால் உப்புக்குப் பொறுப்பை மணல் லாரி மேல் போட முடியாது.

நான் 2013-இல் ஓய்வு பெற்று ஆம்பூருக்கே வந்துவிட்டேன். 2021 நவம்பரில் ஆறு வந்தது. "ஓடியது" என்று சொல்ல மாட்டேன், வந்தது. இரு கரையும் தொட்டுக்கொண்டு, செந்நிறத்தில், வேரோடு மரத்தை உருட்டிக்கொண்டு. மாதனூர் உள்ளி தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நானும் ஒன்பது வயதுப் பேத்தியைத் தோளில் கை போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. ஆயா பொய் சொல்லவில்லை என்று அறுபத்தாறு வயதில் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து தென்னைக்குப் போன் போட்டேன். நம்பரைச் செயலாளரிடம் வாங்கினேன். "தோப்பு எப்படிடா இருக்குது?" என்றேன். "பாதி போச்சி. மீதி நிக்குது" என்றான். கொஞ்சம் நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி நானே ஆரம்பித்தேன். அவன், "அது கெடக்குது உடு, தண்ணி வந்துகினு கீது பாத்தியா" என்றான். கிடக்கட்டும் என்று அவன் சொல்லலாம், நான் சொல்லக் கூடாது. ஆகவே 30 வருஷம் தாமதமாக அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். இப்போது உங்களிடம் வாசித்த ஊற்றுக் கதை அதுதான், கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டேன்.

2022 காணும் பொங்கலுக்குப் பேத்தியையும் அவள் சிநேகிதிகளையும் ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். ஊற்று தோண்டச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு முழத்திலேயே தண்ணீர். மூன்றாம் தடவை தெளிந்ததும் அந்தப் பெண்கள் கத்திய கத்தலில் கரையில் மேய்ந்த எருமை மிரண்டது. பேத்தி கொட்டாங்கச்சியை வாய்க்குக் கொண்டு போனாள். நான் கையைப் பிடித்துவிட்டேன். "ஏன் தாத்தா, தெளிவாத்தானே இருக்குது?" என்றாள். நான் மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கரிப்பு குறைந்திருந்தது. இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாக்கித் தொகையைக் கொடு, கெடுத்தவர்களிடம் வசூல் செய், ஆற்றைச் சீர்செய்யக் குழு போடு, நாங்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்போம் என்கிறது. முதல் வழக்குப் போட்டு 34 வருஷத்துக்குப் பிறகு. காலையில் ஷூ கம்பெனிகளுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் வேன் வேனாகப் போகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இந்தக் கல்லூரியில் படிக்கிறார்கள், இங்கேயே சிலர் உட்கார்ந்திருப்பீர்கள். ஷாப்பை மூடு என்று நான் சொல்ல வரவில்லை. மடையைத் திறக்கச் சொன்னவன் ஒருவன், திறந்தவன் ஒருவன், குடித்தவன் ஒருவன் என்று இருந்ததில், என் குடும்பம் மூன்றில் இரண்டாக இருந்தது. அம்மா, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஆறு கெட்டபோது நான் அதன்மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். தெரிந்தது, சொல்லவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு அறிவிப்பு, செயலாளர் அனுமதியோடு.

நாளைக் காலை 5.30 மணிக்குக் கல்லூரி வாசலில் இரண்டு வேன் நிற்கும். முதலில் ஆம்பூர் ஆறு. எங்கள் பழைய துறையிலும், அக்கரையில் தென்னையின் தோப்போரத்திலும் ஊற்று தோண்டுகிறோம். வேதியியல் துறை மாணவர்கள் கருவியோடு வருகிறார்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. குளோரைடுக்கு 250. வெள்ளி நைட்ரேட் சொட்டுப் போட்டு அதை அங்கேயே பார்த்துவிடலாம் என்கிறார்கள். குரோமியத்துக்கு மாதிரியை எடுத்து வந்து வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். வந்த எண்ணை வந்தபடியே அடுத்த மலரில் போடுவதாக மலர்க்குழு வாக்குக் கொடுத்திருக்கிறது, நல்லதானாலும் கெட்டதானாலும். அங்கிருந்து ஏலகிரி. பதினாலு கொண்டை ஊசி வளைவும் வேனிலேயே ஏறலாம். முட்டி ஒத்துழைப்பவர்கள் பொன்னேரியில் இறங்கி என்னோடு நடக்கலாம், கூஜா மட்டும் என்னிடம் கொடுக்காதீர்கள்.

செருப்பு, தொப்பி, ஆளுக்கு இரண்டு காலி பாட்டில். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவரவும். கொட்டாங்கச்சி தென்னை கொண்டுவருகிறான்.